பழைய சான்ட்ரோவைத் தினசரி வண்டியாக்குவது: எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்

எங்கள் வீட்டு சான்ட்ரோ ஜிங் 2007 மாடல். அப்பா வாங்கியது. பார்வை மங்கத் தொடங்கியதும் அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல், திருச்சி திருவானைக்காவல் வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய்க்குள் நின்றது வண்டி. இன்று அதில்தான் தினமும் துவாக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கும் அதில்தான். நடுவில் செய்த வேலைகளை, செய்த வரிசையோடு இங்கே எழுதுகிறேன். பழைய வண்டியில் வேலையை விட வரிசைதான் முக்கியம் என்பது எனக்குக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகே புரிந்தது.

சான்ட்ரோவை வைத்துச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. 1998 செப்டம்பரில் ஹூண்டாய் இந்தியாவில் விற்கத் தொடங்கிய முதல் கார் இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. 2003இல் அதன் புதிய வடிவமான ஜிங் வந்தது. 2014 கடைசியில் உற்பத்தி நின்றது. இத்தனை வருடம் ஓடியதால் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பட்டறையிலும் இதைக் கழற்றி மாட்டிய கை ஒன்றாவது இருக்கும். உங்களிடம் இருப்பது அதே காலத்து ஜென், வேகன்ஆர், ஆல்டோ என்றாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வரிசை இதுதான்: முதலில் வண்டி நிற்க வேண்டும். அடுத்து, சொன்ன பக்கம் திரும்ப வேண்டும். மூன்றாவது, சூடாகாமல் ஓட வேண்டும். நான்காவது, காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஏசி, பெயிண்ட், சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் அதற்கு அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பளபளப்பான வண்டியை டோ வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

படி 1: ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கார் பதிவைப் புதுப்பிக்கும் மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள். உங்கள் வண்டி 19 வயதில் நிற்கிறதென்றால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டே செலவைத் தொடங்குங்கள்.

"15 வருடம் ஆனால் ஓட்டக்கூடாதாமே" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். 15 வருடப் பெட்ரோல் வண்டிக்கும் 10 வருட டீசல் வண்டிக்கும் தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் டெல்லி வட்டாரத்துக்கு. நமக்கு இங்கே ஆய்வில் தேறினால் ஓட்டலாம்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த பிரீமியம் 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416. வரி தனி. ஜிங்கின் என்ஜின் 1086 சிசி என்பதால் இரண்டாவது தட்டில் விழும். முதல் சான்ட்ரோவின் 999 சிசி என்ஜின் முதல் தட்டு. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதா என்பது, வண்டிக்கு எவ்வளவு மதிப்பு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் மூன்றாம் நபர் காப்பீட்டோடு ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் எடுத்தேன். மீதிப் பணத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் போட்டேன்.

படி 2: நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்

ஜம்பர் கேபிளை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். பொறுங்கள். முதலில் பானெட்டைத் திறந்து எலி இருந்ததா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் துணியும் வைத்துக் கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு வயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அப்படியே செல்ஃப் அடித்திருந்தால் ஃபியூஸ் போவதோடு நின்றிருக்காது.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். வருடக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாக மாட்டுங்கள். என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் பிளக்கை மாட்டாமலேயே சில விநாடி செல்ஃப் அடித்தால் ஆயில் மேலே ஏறும். அதற்குப் பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

ஸ்டார்ட் ஆகும் முன் டேஷ்போர்டில் ஒன்றைக் கவனியுங்கள். சாவியை ஆனில் வைத்ததும் என்ஜின் விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

படி 3: நிற்கட்டும், திரும்பட்டும்

முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். நீண்ட நாள் நின்ற வண்டியில் ஹேண்ட்பிரேக் போட்டபடியே விட்டிருந்தால் பின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரத்தையும் கழற்றுங்கள். பேட், ஷூ, டிஸ்க்கின் தடிமன், பின் வீல் சிலிண்டரில் கசிவு, ரப்பர் ஹோஸில் வெடிப்பு எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பழைய வண்டிகளில் அது டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். முழுக்க இறக்கிப் புதிது ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.

பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை நீங்களே சோதிக்கலாம். என்ஜின் ஓடும்போது பெடலை மிதமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அது உள்ளுக்குள் கசிகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் கிட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள். பிரேக்கில் சமாளிப்பு வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள்.

டயரில் பட்டன் (ரோட்டில் படும் மேடு) இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, தயாரான தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடத்தின் 23ஆம் வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் பத்து வயது டயர் ரப்பர் இல்லை, கல். எங்கள் வண்டியின் நான்கும் அப்படித்தான் இருந்தன. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பாருங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டக்டக்கென்றால் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்தவுடனே மாற்றியிருந்தால் சில நூறோடு முடிந்திருக்கும். இந்த வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட் பாருங்கள். முன்னதாகப் பார்ப்பது காசைக் கொட்டுவது.

படி 4: சூடு. இங்கேதான் பழைய வண்டிகள் சாகின்றன

இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஒரு பட்டறையில் ரேடியேட்டர் சுத்தம் செய்யக் கொடுத்தேன். வண்டி திரும்பி வந்த இரண்டாம் வாரம், பால்பண்ணை சந்திப்பு நெரிசலில், மே மாத மதியத்தில், சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. ஃபேன் ஓடவே இல்லை. பிறகு பிரித்துப் பார்த்தபோது ஃபேனுக்குக் கரண்ட்டை விடும் சுவிட்சான ரிலேயின் கால்கள் கருகியிருந்தன. அதோடு, என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சொல்லாமலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். என்ஜினின் மேல்பகுதியான ஹெட் தப்பியது அதிர்ஷ்டம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊரில் பரவலான பழக்கம். "நம்ம வெயிலுக்கு எதுக்கு இது" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கணினி நினைத்துப் பெட்ரோலை அதிகமாக விடும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். நெரிசலில் சூடாவதையும் அது தடுக்காது, ஏனென்றால் அங்கே குளிர்விக்க வேண்டியது ஃபேன். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டி என்றால் உள்ளே செங்காவி நிறத்தில் துருத் தண்ணீர் இருக்கும். தெளியும் வரை ஃபிளஷ் செய்து, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். சிலவகைக் கூலன்ட் ஏற்கெனவே கலந்தே வரும், டப்பாவைப் படியுங்கள். ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போடுங்கள். அதன் ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். மொறமொறவென்றாலோ கொழகொழவென்றாலோ மாற்ற வேண்டும்.

ஃபேன் சோதனை எளிது. ஏசியைப் போட்டால் ஓடுகிறதா? ஏசி இல்லாமல், நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் சூடு ஏறியதும் தானாக ஓடி, இறங்கியதும் நிற்கிறதா? இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

வழியில் சூடேறினால் ஏசியை அணையுங்கள், ஓரம் கட்டுங்கள், என்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு ஓட்டினாலும், அடுத்த நாட்களில் மூன்றைக் கவனியுங்கள்: ரிசர்வ் டப்பாவில் குமிழ் வருகிறதா, சைலன்சரில் விடாமல் வெண்புகை வருகிறதா, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா. வெண்புகையோடு மற்றவற்றில் ஒன்றும் சேர்ந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

படி 5: டைமிங் பெல்ட், கிளட்ச்

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்க இந்த என்ஜினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட்தான். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று ஆறுதல்பட வேண்டாம், நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்பதோடு வால்வும் வளையலாம். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள். அதே கழற்றலில் ஆயில் சீல்களையும் வாட்டர் பம்ப்பையும் பார்த்துவிட்டால் கூலி மிச்சம்.

கிளட்ச் கேபிள் வகை. பெடல் கல்லாகிவிட்டதென்றால் உடனே பிளேட்டுக்குப் போகாதீர்கள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் அழுத்தும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், அது பிளேட். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாகப் போடுங்கள்.

படி 6: பெட்ரோலும் ஐடிலும்

சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். ஏறி இறங்கித் தடுமாறுவது இந்த வயது வண்டிகளில் சகஜம். த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ரப்பர் வேக்கம் ஹோஸ்களில் எங்கோ காற்று இழுக்கிறது. பிளக்கும் பிளக் வயரும் செலவு குறைவு, யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்டபோது அப்படியொரு எரிபொருள் இங்கே இல்லை. எத்தனால் பழைய ரப்பரை இளக்கும், ஈரத்தை இழுக்கும், மைலேஜையும் கொஞ்சம் குறைக்கும். நான் டேங்கிலிருந்து என்ஜின் வரை இருந்த ரப்பர் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் தரத்தில் மாற்றினேன். கிளிப்பும் புதிது. பெட்ரோல் வாடை அடித்தால் அன்று வண்டியை எடுக்காதீர்கள். ஓட்டாமல் விட்டுப் போகும் நாட்களில் டேங்கை பாதியாக விடாமல் நிரப்பி வைப்பது நல்லது.

படி 7: கரண்ட்

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4. ஓடும்போதும் 12க்குப் பக்கத்திலேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். எர்த் வயர் நுனிகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை, பாதி மர்மக் கோளாறுகள் இதில் போய்விடும்.

ஹெட்லைட் மங்கல் என்று பெரிய வாட் பல்பு போடாதீர்கள். பழைய வயர் உருகும். மஞ்சளான கண்ணாடியை பாலிஷ் செய்து, ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்தால் அதே 60/55 வாட் பல்பே தெளிவாக எரியும்.

ஏசி

ஏசி கேஸ் தானாகக் குறைந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. வருடா வருடம் கேஸ் அடித்துக்கொண்டே இருப்பவர்கள் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். நைட்ரஜன் ஏற்றிக் கசிவைத் தேடி, அடைத்து, வேக்கம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றும் கடைக்குப் போங்கள். ஒருமுறை சரியாகச் செய்தது எனக்கு இரண்டு கோடைக்கும் நின்றது.

துரு, டிங்கர் வேலை

கதவுகளின் அடி, ரன்னிங் போர்டு, டிக்கி ஓரம், கார்ப்பெட்டுக்குக் கீழே தளம், ஸ்ட்ரட் பொருத்தியிருக்கும் இடம்: இங்கெல்லாம் பாருங்கள். பட்டி பூசி மறைத்திருந்தால் சின்னக் காந்தம் ஒட்டாது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் உண்டு. ஐப்பசிக்கு முன் ஒரு குச்சியால் அவற்றைக் குத்திவிடுங்கள். வைப்பர் பக்கத்துச் சருகுகளையும் அள்ளிவிடுங்கள்.

உதிரிபாகம் எங்கே, எது

பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் மூன்றும் புதிதாக, பில்லோடு, பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்க வேண்டும். ஒரிஜினல் வேண்டுமென்றால், ஹூண்டாயின் பாகங்களை விற்கும் மோபிஸ் கம்பெனியின் டப்பா. அதில்லாவிட்டால் சென்னை பாடி பகுதியில் பிறந்த பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், அப்புறம் அதே சென்னையின் ரானே போன்ற, கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவர்களின் பொருளை வாங்கலாம். சென்னையில் புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு. கதவுக் கண்ணாடி, சுவிட்ச், கைப்பிடி, டிக்கி லைட் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை. பழசு என்றாலும் ஒரிஜினல் கிடைக்கும். எடுக்கும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் இருக்கும்.

மெக்கானிக்கிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒருமுறைக்கு ஒரு பகுதி, முடிந்ததும் ஒரு வாரம் ஓட்டல், அப்புறம் அடுத்தது. இல்லையென்றால் புதுச் சத்தம் வந்தால் எந்த வேலையால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு எல்லாம் முடிய ஆறு மாதம் ஆனது. 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் போனது. அதில் பாதிக்கு மேல் டயரும் பிரேக்கும் சஸ்பென்ஷனும்தான்.

தினமும் ஓட்டும்போது

எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. இதை மறக்காமல் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மழையில் முன் வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுகிறேன். ஈர ரோட்டில் திடீரென்று மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. ஒரு கணம் தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும். ஆளில்லாத இடத்தில் இதை மெதுவான வேகத்தில் பழகிக்கொள்ளுங்கள். பின் சீட் பெல்ட்டுகள் சீட்டுக்குள் புதைந்து கிடக்கும். தோண்டி எடுத்து, வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பின்னால், பெல்ட்டோடு.

காலையில் வண்டியை எடுத்த பிறகு, நின்ற இடத்தைத் திரும்பிப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி. பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட். கறுப்பு, என்ஜின் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று பஸ்ஸில் போங்கள். வாரம் ஒருமுறை டயர் காற்று, ஆயில் டிப் ஸ்டிக், கூலன்ட் அளவு. ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை மாற்றுகிறேன்.

டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்றடித்த ஸ்டெப்னி, ஜம்பர் கேபிள், இழுகயிறு, டார்ச், ஃபியூஸ்கள், ஒரு ஃபேன் ரிலே, இரண்டு லிட்டர் தண்ணீர், சின்னத் தீயணைப்பான். கிளவ் பாக்ஸில் ஒரு நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பாகத்தின் பெயர், விலை. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் லிட்டரும் கிலோமீட்டரும். மைலேஜ் இரண்டு முறை தொடர்ந்து விழுந்தால் ஏதோ கெடுகிறது என்பதை வண்டி நிற்பதற்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.

எப்போது விட்டுவிட வேண்டும்

என்ஜினைச் சரிசெய்யலாம், கியர் பாக்ஸ் மாற்றலாம். ஸ்ட்ரட் நிற்கும் இடமும் தளமும் துருவில் உளுத்துவிட்டால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். வெல்டிங் வைத்து ஒட்டிய தளம் விபத்தில் தாங்காது. அப்படி விடுவதென்றால் இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல், அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுங்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு அவர்கள் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து ஆர்.டி.ஓ.வில் பதிவை ரத்து செய்த பிறகே இன்சூரன்ஸை நிறுத்துங்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டையும் நம்பர் பிளேட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.